மஞ்சள் பூசிய பெயர்கள்

எக்செல் ஷீட் வைத்துக்கொள்ளாத தமிழ்க் குடும்பம் லண்டனில் ஒன்று இருந்தால் எனக்கு அறிமுகப்படுத்துங்கள், நல்ல டிகாஷன் காப்பி போட்டுத் தருகிறேன். வீடு வாங்குமுன் ஏறி இறங்கிய வீடுகளின் பட்டியல், ஊருக்குப் போகும்போது யாருக்கு என்ன வாங்க வேண்டும் என்ற பட்டியல், பிள்ளையின் லெவன் ப்ளஸ் மாதிரித் தேர்வு மார்க், கோவில் அன்னதானத்துக்கு எந்த வாரம் யார், பிறந்தநாள் விருந்துக்கு வருகிறேன் என்றவர்கள், வருகிறேன் என்று சொல்லாமலே வரப்போகிறவர்கள். எங்கள் தாத்தா காலத்தில் மொய் நோட்டு ஒன்றுதான் வீட்டின் மொத்த ஆவணக் காப்பகம். இப்போது ஆளுக்கு நாலு ஷீட்.

இந்த ஷீட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. யாராவது கலர் அடித்திருப்பார்கள். மஞ்சள் என்றால் பணம் வந்துவிட்டது. பச்சை என்றால் வருகிறார்கள். சிவப்பு என்றால் மூன்று தடவை போன் அடித்தும் எடுக்கவில்லை. வெளிர் ஊதா என்றால் என்ன என்று கேட்டால், அடித்தவருக்கே மறந்து போயிருக்கும்.

சென்ற மாதம் பாஸ்வேர்டுகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கலர் அடித்து வைத்திருக்கிறேன், மஞ்சள் மட்டும் தனியாக எடுக்க வழி இருக்கிறதா?" இருக்கிறது. சொல்லித் தருகிறேன். சொல்லிவிட்டு, அதை ஏன் ஒரு ஷீட்டுக்கு ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக்கூடாது என்றும் சொல்லப்போகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் வழி. எக்செல்லில் தலைப்பு வரிசையில் ஏதாவது ஒரு கட்டத்தில் நின்றுகொண்டு, மேலே டேட்டா என்ற பகுதியில் ஃபில்டரைத் தட்டுங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி வரும். எந்த நெடுவரிசையில் கலர் அடித்திருக்கிறீர்களோ அதன் அம்பைத் திறந்தால் 'ஃபில்டர் பை கலர்' என்று இருக்கும். அந்த நெடுவரிசையில் இருக்கும் நிறங்கள் மட்டும் அங்கே சின்னச் சின்னப் பட்டைகளாகத் தெரியும். மஞ்சளைத் தொட்டால் மஞ்சள் மட்டும் நிற்கும், மற்ற வரிசைகள் ஒளிந்துகொள்ளும். அழியவில்லை, பயப்படாதீர்கள். இந்த வசதி எக்செல் 2007-இல் வந்தது. கூகுள் ஷீட்ஸில் 2020-இல்தான் வந்தது. அதற்கு முன்னால் கூகுளில் கலர் அடித்தவர்கள் எல்லாம் கண்ணாலேயே தேடிக்கொண்டிருந்தார்கள்.

இதில் ஒரு வரம்பு இருக்கிறது. எக்செல் ஃபில்டர் ஒரு நேரத்தில் ஒரு நெடுவரிசையில் ஒரு நிறத்தைத்தான் காட்டும். மஞ்சளும் பச்சையும் சேர்த்து வேண்டுமென்றால் ஃபில்டரை விட்டுவிட்டு சார்ட்டுக்குப் போக வேண்டும். சார்ட் பெட்டியில் 'சார்ட் ஆன்' என்ற இடத்தில் மதிப்புக்குப் பதிலாக செல் கலரைத் தேர்ந்தெடுத்து, மஞ்சள் மேலே, அடுத்த அடுக்கில் பச்சை, அதற்கடுத்து சிவப்பு என்று ஒவ்வொன்றாக நீங்கள்தான் சொல்ல வேண்டும். எண் என்றால் 3-க்குப் பிறகு 4. எழுத்து என்றால் அகரவரிசை. சிவப்பு பெரிதா பச்சை பெரிதா என்று கேட்டால் எக்செல் என்ன சொல்லும், பாவம்? நிறங்களுக்கு இயல்பான வரிசை எதுவும் அதற்குத் தெரியாது. அது தெரிந்திருப்பது உங்கள் தலைக்குள் மட்டும்.

மஞ்சள் எத்தனை என்று எண்ண வேண்டுமா? சப்டோட்டல் என்ற ஃபார்முலா கைகொடுக்கும். அதில் முதல் எண்ணாக 103 கொடுத்தால் கண்ணில் தெரியும் கட்டங்களை மட்டும் எண்ணும், 109 கொடுத்தால் தெரியும் தொகைகளை மட்டும் கூட்டும். மஞ்சளை வடிகட்டியபின் அந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் "மஞ்சளாக இருந்தால் எண்ணு" என்று நேரடியாகக் கட்டளையிடும் ஃபார்முலா எக்செல்லில் கிடையாது. செல் என்றொரு ஃபார்முலா இருக்கிறது, அதில் கலர் என்று கேட்கவும் முடியும். கேட்டால் மைனஸ் எண்களை வேறு நிறத்தில் காட்டும்படி அந்தக் கட்டம் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று 0 அல்லது 1 பதில் வரும். பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் வருடத்துக்கு எத்தனை பேரோ.

ஏன் இப்படி? எக்செல் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் மூட்டை. பெயரின் வாலை மாற்றித் திறந்து பார்த்தால் உள்ளே பல கோப்புகள் இருக்கும். நீங்கள் எழுதிய பெயர்களும் எண்களும் ஒரு பக்கம். எந்தக் கட்டம் தடித்த எழுத்து, எதற்கு என்ன கோடு, எதற்கு என்ன நிறம் என்ற அலங்காரங்கள் இன்னொரு கோப்பில். மஞ்சள் கட்டத்தில் இருப்பது "அலங்காரம் எண் இத்தனையைப் போட்டுக்கொள்" என்ற ஒரு சீட்டு மட்டும்தான். எக்செல்லைப் பொறுத்தவரை உங்கள் மஞ்சள் தலையில் வைத்த பூ மாதிரி. பெயரோடு சேர்ந்தது இல்லை. அதனால்தான் அதே ஷீட்டை சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் பூவெல்லாம் உதிர்ந்து பெயர் மட்டும் போகிறது. எந்த எச்சரிக்கையும் கேட்காமல் ஓகே தட்டும் நம் பழக்கமும் சேர்ந்துகொண்டால், கேட்கவே வேண்டாம்.

பூ உதிர்ந்தால் என்ன குடி முழுகிப் போய்விடும் என்று நினைப்பீர்கள். இரண்டு வருடங்களுக்கு முன் எங்கள் பக்கத்துச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி ஒன்றின் ஆண்டு விழாவில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே உழைப்பவர்கள் அத்தனை பேரும் சம்பளம் வாங்காதவர்கள்.

நூற்றுச் சொச்சம் பிள்ளைகள். மதியச் சாப்பாடு புளிசாதம், தயிர்சாதம், உருளைக்கிழங்கு, வடை, சர்க்கரைப் பொங்கல். பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் கூகுள் ஷீட்டில், அதில் கொட்டை ஒவ்வாமை உள்ளவர்களின் பெயருக்கு மஞ்சள். பரிமாறும் மேசைக்கு வசதியாக இருக்கட்டும் என்று யாரோ அதை அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளை பிரிண்டரில். மஞ்சள் இருக்கிற நிறங்களிலேயே வெளிச்சமானது, கறுப்பு வெள்ளை அச்சில் அது ஏறக்குறைய காகிதத்தின் வெள்ளையாகவே விழும். நான் மைக் வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பரிமாறப் போகும் அக்கா காகிதத்தை நீட்டினார்.

"தம்பி, இதில மஞ்சள் எது? எல்லாம் வெள்ளையாக் கிடக்கு."

"இருங்கக்கா, போன்ல பாக்கலாம்."

போனில் ஒரிஜினலைத் திறந்தோம். பதினொரு வரிசை மஞ்சள். அப்பாடா என்றிருந்தது. கொஞ்சம் உற்றுப் பார்த்தால் மஞ்சள் ஒரே மஞ்சளாக இல்லை. பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள் ஒன்று, வெளிறிய மோர்க்குழம்பு மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு பக்கம் சாய்ந்தது ஒன்று. மூன்று தன்னார்வலர்கள் மூன்று வாரங்களில் அடித்தது. அதில் ஒன்று ஒவ்வாமையே இல்லை, கட்டணம் பாக்கி. எது எது என்று தெரிந்த ஆசிரியை மேடையில் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார்.

அக்கா சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை மூடி, அதன் மேல் தன் கைப்பையை வைத்துவிட்டார். "இது ஒருத்தருக்கும் இல்லை, தெரியும் மட்டும்." பதினொரு வீட்டுக்கும் போன். ஒரு அம்மா அரங்கிலேயே இருந்தார், ஓடி வந்தார். அவர் மகளுக்கு முந்திரி பட்டாலே உதடு வீங்கும், அட்ரினலின் ஊசி எப்போதும் பையில். கடைசியில் உண்மையான ஒவ்வாமை நான்கு பேருக்கு. முக்கால் மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டார்கள், தயிர்சாதம் இறுகிப்போனதற்குப் பசித்த அப்பாக்கள் முணுமுணுத்தார்கள், வேறொன்றும் ஆகவில்லை. அந்த அக்காவுக்குக் கம்ப்யூட்டர் பெரிதாகத் தெரியாது. அந்த அரங்கில் சாஃப்ட்வேர் இன்ஜினியர்கள் மட்டும் ஒரு கிரிக்கெட் டீமுக்கு இருந்திருப்பார்கள். பாத்திரத்தை மூட வேண்டும் என்று தோன்றியது அவருக்குத்தான்.

மஞ்சள் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய எக்செல் 2003-இல் ஒரு கோப்புக்கு 56 நிறங்கள்தான். மூன்று பேர் மஞ்சள் அடித்தாலும் பெரும்பாலும் ஒரே மஞ்சளில் போய் நிற்பார்கள். இப்போது 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறங்கள். நம் கண்ணுக்கு இரண்டும் மஞ்சள், எக்செல்லுக்கு அவை முற்றிலும் வேறு வேறு. ஃபில்டரில் எலுமிச்சை மஞ்சளைத் தேர்ந்தெடுத்தால் மோர்க்குழம்பு மஞ்சள் வராது. ஃபில்டர் சரியாகத்தான் வேலை செய்கிறது, நாம் எல்லாரையும் எடுத்துவிட்டோம் என்று நம்பிவிடுகிறோம். ஒவ்வாமைப் பட்டியலில் ஆபத்தான இடம் இதுதான்.

சாப்பாட்டுப் பேச்சு வந்ததால் இன்னொன்று. பிரிட்டனில் உணவு விற்பவர்கள் அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள் 14. அந்தப் பட்டியலைத் தமிழ்ச் சமையலறையில் நின்று படித்தால் கொஞ்சம் திக்கென்றிருக்கும். முந்திரியும் வேர்க்கடலையும் எல்லாருக்கும் தெரியும். எள் இருக்கிறது, அதாவது எள்ளுருண்டை மட்டுமில்லை, நல்லெண்ணெயும். பால் இருக்கிறது, எனவே நெய். கடுகு இருக்கிறது! தாளிக்காத நம் சமையல் எது? கோதுமை போன்ற குளூட்டன் தானியங்கள் இருக்கின்றன, நாம் சோறுதானே சாப்பிடுகிறோம் என்று தப்பிக்க முடியாது, கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயப் பொடியில் பல சமயம் கோதுமை மாவு கலந்திருக்கும். தேங்காய் அந்தப் பதினான்கில் இல்லை, அது ஒரு ஆறுதல். இத்தனையையும் கலரால் காட்டப் புறப்பட்டால் பதினான்கு நிறம் வேண்டும், ஒரே பிள்ளைக்குக் கடுகும் எள்ளும் ஆகாது என்றால் ஒரு கட்டத்துக்கு இரண்டு நிறம் அடிக்கவும் முடியாது.

சட்டம் இதை எப்படிக் கையாள்கிறது என்று பார்த்தேன், அழகாக இருந்தது. பாக்கெட்டில் உள்ள பொருட்களின் பட்டியலில் ஒவ்வாமைப் பொருள் தனித்துத் தெரிய வேண்டும். தடித்த எழுத்தாக இருக்கலாம், வேறு பாணியாக இருக்கலாம், பின்புல நிறமாகவும் இருக்கலாம். ஆனால் பொருளின் பெயர் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும், நிறம் அந்தப் பெயரின் மேல்தான். 2016-இல் நட்டாஷா எட்னன்-லப்பரூஸ் என்ற 15 வயதுப் பெண், மாவுக்குள் எள் கலந்திருந்த ஒரு பகெட்டைச் சாப்பிட்டு விமானத்தில் மயங்கி இறந்துபோனாள். உறையில் எள் என்று எழுதியிருக்கவில்லை. கடையிலேயே செய்து உறையிட்டு விற்கும் உணவுக்கு அப்போது முழுப் பட்டியல் கட்டாயமில்லை. அவள் பெற்றோர் விடாமல் போராடியதால் 2021 அக்டோபரில் அது கட்டாயமாயிற்று. நட்டாஷா சட்டம் என்று பெயர்.

நிறத்தை நம்புவதில் இன்னொரு சிக்கல் கண்ணிலேயே இருக்கிறது. பிரிட்டனில் ஆண்களில் 12 பேரில் ஒருவருக்கும் பெண்களில் 200 பேரில் ஒருவருக்கும் ஏதோ ஒரு வகை நிறக்குறைபாடு உண்டு என்பது இங்கே வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. பெரும்பாலும் சிவப்பும் பச்சையும் குழம்பும். என் டீமில் ஒருவர் அப்படி. லண்டன் ஆபீஸ்களில் வேலை பார்ப்பவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு புராஜெக்ட்டுக்கும் சிவப்பு, ஆம்பர், பச்சை என்று ஒரு நிலவரக் கட்டம் இருக்கும். அவர் சேர்ந்த முதல் வாரத்தில் மீட்டிங் முடிந்து என்னிடம் மெதுவாகக் கேட்டார், "நாம் நன்றாகப் போகிறோமா, மூழ்குகிறோமா?" அதிலிருந்து எங்கள் கட்டங்களில் நிறத்தோடு அதன் முதல் எழுத்தும் இருக்கும். செலவு ஒரு எழுத்து. இணையதளங்களுக்கான சர்வதேச அணுகல் நெறிமுறையிலும் இது ஒரு விதி: எந்தத் தகவலையும் நிறத்தால் மட்டும் சொல்லாதே.

கலர் வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊர் ரேஷன் கார்டை நினைத்துப் பாருங்கள். அரிசி வாங்கினால் பச்சைக் கார்டு, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை வாங்கினால் வெள்ளைக் கார்டு. படிக்கத் தெரியாத பாட்டிக்கும் கடைக்காரருக்கும் நடுவில் அந்தப் பச்சை பேசியது. 2017-இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அந்த நிறங்கள் போய், அட்டையில் பி.எச்.எச்., என்.பி.எச்.எச். என்று குறியீடுகள் வந்தன. கம்ப்யூட்டருக்கு அதுதான் புரியும். பாட்டிக்குப் பச்சைதான் புரியும். இரண்டு பேரும் ஒரே கடையில் நிற்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

இதை மிகச் சரியாகச் செய்த மனிதர் ஒருவர் லண்டனில் இருந்தார், எக்செல்லுக்கு ஒரு நூற்றாண்டு முன்னால். சார்லஸ் பூத். லிவர்பூலில் பிறந்த கப்பல் கம்பெனி முதலாளி. லண்டனில் எத்தனை பேர் ஏழைகள் என்பதை ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, எண்ணியே பார்த்துவிடுவோம் என்று 1886-இல் தன் சொந்தப் பணத்தில் தொடங்கினார். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகள் கணக்கெடுக்கும் பள்ளி வாரிய ஊழியர்களை உட்காரவைத்து, ஒவ்வொரு தெருவாகக் கேட்டு எழுதினார்கள். 1889-இல் முதல் தொகுதி வந்தது. 1903-இல் முடிந்தபோது மொத்தம் 17 தொகுதிகள்.

அவர் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் நினைவு வருவது அந்த வரைபடம். லண்டன் தெருக்களுக்கு ஏழு நிறம். மேல்தட்டுக்கு மஞ்சள், வசதியான நடுத்தர வர்க்கத்துக்குச் சிவப்பு, ஓரளவு வசதிக்கு இளஞ்சிவப்பு, கலந்து வாழும் தெருவுக்கு ஊதா, ஏழைக்கு வெளிர்நீலம், மிக ஏழைக்கு அடர்நீலம், எல்லாவற்றுக்கும் கீழே கறுப்பு. பெரிய சாலையின் இருபுறமும் கடைக்காரர்களின் சிவப்பு ஓட, ஒரு திருப்பம் உள்ளே போனால் நீலமும் கறுப்பும் கிடப்பதைப் பார்க்க வயிற்றைப் பிசையும். கறுப்புக்கு அவர் கொடுத்த விளக்கத்தில் ஒழுக்கக்கேடு, அரைக் குற்றவாளிகள் என்றெல்லாம் வரும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு தெருவுக்கே கறுப்பு அடித்துவிட்டால் அங்கே குடியிருந்த நல்ல மனுஷி எங்கே போவாள்? நம்மவர்கள் நிறைய இருக்கும் ஈஸ்ட் ஹாமையும் ஹாரோவையும் தேடாதீர்கள், அந்த வரைபடம் அவ்வளவு தூரம் நீளவில்லை.

இன்ஜினியராக என்னைக் கவர்ந்தது வரைபடத்துக்கு அடியில் இருப்பது. பூத் முதலில் நிறம் அடிக்கவில்லை. மக்களை ஏ முதல் எச் வரை எட்டு எழுத்துகளாகப் பிரித்தார். எண்ணிக்கை எல்லாம் எழுத்தின் மேல். லண்டனில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்ற அவருடைய புகழ்பெற்ற எண், ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துகளைக் கூட்டி வந்தது. வரைபடத்தில் கறுப்பையும் நீலத்தையும் அளந்து அந்த எண்ணைப் பெற்றிருக்க முடியாது. தெருவுக்கு ஒரு நிறம்தான், தெருவுக்குள் பலவகை மனிதர். 1890-களின் பிற்பாதியில் வரைபடத்தைத் திருத்தியபோது அவர் ஆட்கள் போலீஸ்காரர்களோடு தெருத்தெருவாக நடந்து பார்த்ததை எழுதினார்கள். அந்த ஆய்வின் 450-க்கும் மேற்பட்ட நோட்டுப் புத்தகங்கள் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன, பலவற்றை இணையத்திலேயே படிக்கலாம். எந்தத் தெருவுக்கு ஏன் அந்த நிறம் என்று அங்கே தேடிப் பார்க்க முடிகிறது. நம் ஷீட்டில் அந்த ஊதா ஏன் என்று சொல்ல ஒரு நோட்டும் இல்லை.

நிறத்தோடு பெயரும் வேண்டும் என்பதை லண்டன் போக்குவரத்துத் துறையே அண்மையில் ஒத்துக்கொண்டது. ஓவர்கிரவுண்ட் ரயில்கள் எல்லாம் ஒரே ஆரஞ்சாக, ஒரே பெயரில் இருந்தன. "ஓவர்கிரவுண்டில் தாமதம்" என்றால் எந்த ஓவர்கிரவுண்ட்? விசிட்டில் வந்த என் மாமனார் அதைக் கேட்டபோது எனக்கும் பதில் தெரியவில்லை. 2024-இல் அதை ஆறாகப் பிரித்து லயனஸ், மில்ட்மே, வின்ட்ரஷ், வீவர், சஃப்ரஜெட், லிபர்ட்டி என்று ஆறு பெயர், ஆறு நிறம் கொடுத்தார்கள். சுரங்க ரயிலின் சிவப்போடு குழம்பாமலிருக்க இவற்றை இரட்டைக் கோடாக வரைகிறார்கள். நிறம் தெரியாதவர்களுக்காகக் கோடுகளையும் புள்ளிகளையும் கொண்டு வரைந்த கறுப்பு வெள்ளை ட்யூப் வரைபடமும் அவர்களிடம் கிடைக்கிறது. என் மகனுக்கு அதுதான் பிடித்திருக்கிறது, கலர் அடிக்கலாமாம்.

சரி, நம் ஷீட்டுக்கு வருவோம். பக்கத்தில் ஒரு புது நெடுவரிசை போட்டு, தலைப்பாக 'ஒவ்வாமை' என்று எழுதிக்கொள்ளுங்கள். நிறத்துக்குப் பதில் அங்கே சொல். இதிலும் நம் ஆட்கள் ஒரு குழி வைத்திருக்கிறார்கள். அந்த அக்கா வேர்க்கடலையைக் கச்சான் என்பார், முந்திரியைக் கஜு என்பார். நான் கடலை என்று எழுதினால் அது கடலைப்பருப்பா என்று கோயம்புத்தூர்க்காரர் கேட்பார். இன்னொருவர் இங்கிலீஷில் எழுதுவார், அதிலும் எஸ் போட்டும் போடாமலும். மூன்று மஞ்சளுக்குப் பதில் நாலு வார்த்தை. அதனால் தட்டச்ச விடாதீர்கள். டேட்டா வேலிடேஷன் என்ற வசதியில் ஒரு கீழிறங்கு பட்டியல் வைத்து, அதிலிருந்து மட்டும் தேர்வு செய்யும்படி பூட்டிவிடுங்கள். பட்டியலில் 'வேர்க்கடலை / கச்சான்' என்றே எழுதுங்கள், ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை. 'ஒன்றுமில்லை' என்பதும் ஒரு தேர்வாக இருக்கட்டும். காலியான கட்டம் ஒவ்வாமை இல்லை என்கிறதா, இன்னும் கேட்கவில்லை என்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டணத்துக்குத் தனி நெடுவரிசை, இரண்டையும் ஒரே இடத்தில் கலக்கவே கூடாது.

கலர் ஆசை இருந்தால் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இருக்கிறது. 'முந்திரி' என்று தேர்ந்தெடுத்தால் கட்டம் தானே மஞ்சளாகட்டும் என்று ஒரு விதி எழுதுங்கள். சொல் மாறினால் நிறம் மாறும். யார் தேர்ந்தெடுத்தாலும் ஒரே மஞ்சள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் சொல் நிற்கும், சி.எஸ்.வி.யிலும் நிற்கும், சொல்லை எண்ணக் கவுண்ட்இஃப் ஃபார்முலாவும் உண்டு. எக்செல்லில் அந்தத் தானியங்கி நிறத்தையும் ஃபில்டர் பை கலரால் வடிகட்டலாம், ஆனால் அதற்குள் உங்களுக்கு அது தேவைப்படாது.

ஏற்கெனவே நானூறு வரிசை கலர் அடித்து வைத்திருக்கிறீர்களா? வாசகி கேட்ட வசதி இங்கேதான் உதவும். முதலில் ஷீட்டை ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபில்டர் பை கலரில் முதல் மஞ்சளைத் தேர்ந்தெடுங்கள். அந்த மஞ்சளுக்கு என்ன அர்த்தம் என்று அடித்தவரிடம் கேளுங்கள், ஊகிக்காதீர்கள். புது நெடுவரிசையில் கண்ணில் தெரியும் முதல் கட்டத்தில் அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்து, மூலையைப் பிடித்துக் கடைசி வரை இழுங்கள். வடிகட்டிய நிலையில் இழுத்தால் தெரியும் வரிசைகளில் மட்டும் நிரம்பும், ஒளிந்திருப்பவற்றைத் தொடாது. ஃபில்டரை நீக்கிவிட்டு ஒருமுறை சரிபாருங்கள். அடுத்த நிறம். எல்லாம் முடிந்தபின் பழைய நிறங்களை மொத்தமாகத் துடைத்துவிடலாம், அதற்கு முன் நிறம் இருந்த வரிசை ஒவ்வொன்றிலும் ஒரு சொல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை. மூன்று மஞ்சள் இருந்தால் மூன்று தடவை செய்ய வேண்டும்.